தழை கிடந்த பாதை

முதலில் தப்புச் செய்தது மாயழகுதான். பூசணியூத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சலித்துக்கொண்டு எழுந்து போவார்களே தவிர இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒச்சப்பன் அதை முப்பது வருஷமாக டீக்கடையிலும் எழவு வீட்டிலும் ஓடுகிற பஸ்ஸிலும், கேட்க ஆள் இல்லாதபோது மாட்டிடமும் சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாக அதைத்தான் தெரிந்துகொண்டு வளர்ந்தன.

தூங்காமலைக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களை மேலே கூட்டிப்போய்க் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் பூசணியூத்து ஆட்களின் பிழைப்பு. மழைக்கு மழை அந்த மலையில் வழி மாறும். யானை நடந்தால் புது வழி பிறக்கும், பாறை உருண்டால் பழைய வழி சாகும். அதனால் முன்னால் போகிறவன் வழி பிரிகிற இடத்தில் பச்சைத்தழை ஒடித்து, போகக்கூடாத பாதையின் குறுக்கே போட்டுவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் தழை இல்லாத பாதையில் நடப்பான். மலையேறுகிறவனுக்குப் படிப்பு அதுதான், எழுத்தும் அதுதான்.

அன்றைக்கு முன்னால் போனவன் மாயழகு. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, இந்த ஊர்ச் செவனம்மாவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். பின்னால் சாமான் சுமந்து வந்தவர்கள் ஒச்சப்பனும் அவர் தம்பி சோலையப்பனும். மூடுபனி மூஞ்சியில் அடித்தது. ஒச்சப்பன் காலில் ஏறிய அட்டையைப் பிய்க்க உட்கார்ந்தார். "நீ மெல்ல வாண்ணே, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனான். பிரிவுப்பாறையில் இடப்பக்கத்துப் பாதையில் தழை கிடந்தது. தம்பி வலப்பக்கம் போனான். போனவன் போனவன்தான். ஊரே போய்த் தேடியும் அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை. உச்சிக்குப் போகிற பாதை இடப்பக்கம் என்பது பனி விலகிய பிறகுதான் தெரிந்தது.

"தழையைத் தப்பாப் போட்டுட்டேன்னு ஒரு சொல்லு சொல்லு" என்று ஒச்சப்பன் கேட்டார். "நான் சரியாத்தான் போட்டேன்" என்றான் மாயழகு. அதோடு பேச்சு முடிந்தது. எதிர்வீட்டில் இருக்கிற அவன் முகத்தில் முழிக்கக்கூடாது என்று ஒச்சப்பன் தன் வீட்டு வாசலை அடைத்து, பின்சுவரை இடித்து அங்கே கதவு வைத்துக்கொண்டார். மலைக்குப் போகிற வேலையையும் விட்டார். ஒரு சொல், ஒரே ஒரு சொல், அது அவருக்கு வரவேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு கோடைகாலத்துச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில், மலையின் பாதைகளெல்லாம் ஊருக்குள் இறங்கி வந்துவிட்டன. வாசல் தெளிக்க வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரு பாதை, வாசற்படியில் தலைவைத்து, தெருவைத் தாண்டி, கடலைக்காட்டைத் தாண்டி, கரட்டுக் குன்றைத் தாண்டி, தூங்காமலை உச்சிவரைக்கும் நீண்டு கிடந்தது, வெளியூர் போயிருந்த நாய் வீடு திரும்பிப் படுத்திருப்பதைப் போல. பெண்கள் பாதைக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து, அது தொடங்குகிற இடத்தில் ஆளுக்கொரு கோலம் போட்டுவிட்டு உலை வைக்கப் போனார்கள்.

பாதைகள் அந்தந்த வீட்டைப் போலவே இருந்தன. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் பாதை புல் முளைத்து மெத்தென்றிருந்தது. கருமி ஒருத்தர் வீட்டுப் பாதையில் ஒரு காலை வைத்தால் மறுகாலுக்கு இடமில்லை. கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி வீட்டுப் பாதை முற்றத்திலேயே இரண்டாகப் பிரிந்து நடுவில் முள் வளர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பாதை லீவு என்று தெரிந்து கேட்டுக்கு வெளியே காத்துக்கிடந்தது. ரேஷன் கடைப் பாதை சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. வனத்துறைக்காரர்கள் வந்து அனுமதியின்றி ஏறக்கூடாது என்று போர்டு நட்டார்கள், போர்டு தீர்ந்துபோனதும் தங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து கிடந்த பாதையில் அவர்களே காற்றாட நடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் "பாதை எப்படி?" என்று கேட்டார்கள். முதுகில் பெரிய பையும் கையில் குச்சியுமாக டவுன் பிள்ளைகள் வேன் வேனாக வந்து இறங்கி, எந்த வழியாக ஏறுவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றால், வீட்டுக்கு வீடு பஸ் ஸ்டாண்டு மாதிரிக் கூப்பாடு கேட்டது.

"நெழலு பாதை, நெழலு பாதை! வழியில ஊத்துத் தண்ணி!"

"மூட்டு வலிக்காரவுக இங்கிட்டு வாங்க, ஏத்தமே தெரியாது!"

"அவுக பாதையில போகாதீக தம்பி, மாமியா மருமக சண்டை, பாதி வழியில பாறை உருளும்!"

பாதைக்கு ஒரு சட்டமும் இருந்தது. அந்த வீட்டு ஆள் ஒருத்தர், ஏறப்போகிறவர் முகத்தைப் பார்த்து, மனசோடு "போயிட்டு வா" என்று சொல்லவேண்டும். சொல் வாங்காமல் ஏறியவர்கள் பகல் முழுக்க நடந்து, நாக்குத் தள்ளி, உச்சி என்று நினைத்துக் கால் வைத்த இடம் அதே வீட்டு முற்றமாக இருந்தது. அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்காமல் "வந்துட்டீகளா?" என்று கேட்டாள்.

ஒச்சப்பன் வீட்டுப் பாதை பின்வாசலில் தொடங்கி, புளியமரத்தைச் சுற்றி, குப்பைக்குழியைச் சுற்றி, திரும்பவும் பின்வாசலுக்கே வந்தது. ஊர் சிரித்தது. "அவரு பாதை வேற எங்கிட்டுப் போகும்?" என்றார்கள். எல்லாப் பாதைகளிலும் நல்ல பாதை மாயழகு வீட்டுப் பாதைதான்: அகலம், நிழல், கைகொடுக்கிற மாதிரி படி. தப்புச் செய்தவனுக்கு இந்தப் பாதை, தம்பியைத் தொலைத்தவனுக்கு அந்தப் பாதை. இதுதான் மலையின் நியாயம் என்று ஒச்சப்பன் புளியமரத்திடம் சொன்னார்.

அந்த நல்ல பாதையில் போய்வந்தவர்கள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்கள். பிரிவுப்பாறைக்குப் பக்கத்தில் இருபது வயசுப் பையன் ஒருத்தன், கட்டம்போட்ட கைலியும் தலையில் சுமையுமாக, வருகிறவர்களிடமெல்லாம் மேலே போக எந்தப் பக்கம் என்று கேட்கிறான், சொன்னால் தலையாட்டுகிறான், திரும்பி வரும்போதும் அங்கேயே நின்று அதையே கேட்கிறான். "நல்ல பையன். பாவம், காது மந்தம்போல" என்றார்கள். யாரும் பயப்படவில்லை. ஒருத்தி அவனுக்கு முறுக்கு கொடுத்திருந்தாள்.

ஒச்சப்பன் மனைவி பெருமாயி அதைக் கேட்டுவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "உங்க தம்பிய்யா. கொழுந்தன்தான் நிக்கிறாரு. போய்க் கூட்டிட்டு வாங்க."

"யாரு பாதையில?"

"பாதை யாருதா இருந்தா என்ன?"

"அவங்கிட்டப் போயி நான் சொல்லு கேக்கணும். அவன் எனக்குச் சொல்லணும், நான் அவங்கிட்டக் கேக்கவா?"  தம்பி அங்கே நிற்கிறான் என்ற நினைப்பு ஒச்சப்பனை உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை, சோற்றில் கைவைக்கவிடவில்லை. தன் பாதையில் ஏறினார். புளியமரத்தைச் சுற்றினார், குப்பைக்குழியைச் சுற்றினார், பின்வாசலுக்கு வந்தார். திரும்பவும் ஏறினார். உள்ளங்கால் கிழிகிறவரை சுற்றினார்.

அவருடைய ஒரே மகள் பூங்கனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் வந்து, டவுனில் தையல்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். "செக்குமாடு கூடச் சாயந்தரம் நிக்கும்ப்பா" என்றாள். மறுநாள் காலையில் நேரே எதிர்வீட்டுக்குப் போய், "மாமா, எங்க சித்தப்பாவக் கூட்டியாறேன், போயிட்டு வான்னு சொல்லுங்க" என்று கேட்டாள். மாயழகு அவள் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வா தாயி" என்றான். அவள் போனாள்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மேற்கே மேகம் கட்டியது. அதைப் பார்த்ததும் பாதைகள் மலைக்குத் திரும்பத் தொடங்கின. விடிந்து பார்த்தால் ஒருத்தர் வீட்டுப் பாதை கோலத்தை விட்டுவிட்டு வேலிவரைக்கும் போயிருந்தது. மத்தியானம் கடலைக்காட்டுக்குப் போனது. சாயந்தரம் கரட்டில் ஒரு வெள்ளைக்கோடாகத் தெரிந்து அணைந்தது. வந்ததற்கு வருத்தப்படாத ஊர் போவதற்கும் வருத்தப்படவில்லை. "மழைக்கு முன்னால போய்ச் சேரணும்ல, அதுக்கும் வேலை இருக்கும்" என்று சொல்லிக் கடலைக்காட்டை உழத் தயாரானார்கள். பூங்கனியைத் தேடத் தங்கள் தங்கள் பாதையில் ஓடியவர்கள், காலுக்கடியில் பாதை சுருங்குவதைக் கண்டு பாதியிலேயே திரும்பினார்கள். "மாயழகு பாதை ஒண்ணுதான் இன்னும் கிடக்கு. அதுவும் வாசலை விட்டு ஒரு முழம் போயிருச்சு, ஒச்சப்பண்ணே" என்றார்கள்.

முப்பது வருஷம் கழித்து ஒச்சப்பன் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். பின்னாலேயே பெருமாயி. மாயழகு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஒச்சப்பன் அவனைப் பார்க்காமல் முளையில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"ஏ ஆடே, உங்க வீட்டு ஆளுகிட்டச் சொல்லு. எம்மகளத் தேடிப் போகணும்."

மாயழகும் ஆட்டையே பார்த்தான். "போகச் சொல்லு. போயிட்டு வான்னு சொன்னேன்னு சொல்லு."

செவனம்மா வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஆட்டுக்குச் சொன்னா ஆடுதான்யா மலையேறும்! மூஞ்சியப் பாத்துப் பேசுங்க ரெண்டு பேரும். அங்க ஒரு பொம்பளப்புள்ள கெடக்கு."

ஒச்சப்பன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கிழடு தட்டிப்போயிருந்தான். அதுகூட அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷமும் அவர் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது மீசை கறுத்த ஒருத்தனை.

"மொதல்ல அதைச் சொல்லு" என்றார்.

"எதை?"

"தழையத் தப்பாப் போட்டேன்னு."

"சரியாத்தான் போட்டேன் மச்சான்."

"எம்மக செத்துக்கிட்டிருக்கா. இப்பவுமா பொய்யி?"

"பொய்யில்ல. போற பாதையிலதான் போட்டேன். பின்னால வாரவன் பாத்து வரட்டும்னு, நான் போன பாதையிலதான் போட்டேன்."

 செவனம்மா கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் ஊற்றியது. "அடப்பாவி மனுசா, போகக்கூடாத பாதையிலயில்ல போடணும்!"

"எங்க ஊர்ல போற பாதையிலதான் போடுவாக" என்றான் மாயழகு, சிறு பிள்ளை மாதிரி.

"இந்த ஊரு வழக்கம் வேறன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று ஒச்சப்பன் கேட்டார்.

மாயழகு குனிந்து ஆட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினான். "அதுக்குப் பொறகு நான் தழையே ஒடிச்சதில்ல" என்று மட்டும் சொன்னான்.

ஆக அவனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஒச்சப்பன் ஓர் எட்டு முன்னால் வைத்தார். "அப்பத் தப்புன்னு சொல்லு!"

"எங்க ஊருக்கு அது சரிதானே மச்சான்..."

பெருமாயி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு வாங்குற நேரமாய்யா இது? பாதை நகருது, பாருங்க, பாதை நகருது!" பாதையின் தலை முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. ஒச்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, காறித் துப்பவேண்டிய வாயால், "போயிட்டு வாரேன்" என்றார்.

"போயிட்டு வா மச்சான். மகளோட வா" என்றான் மாயழகு. அது மனசோடு வந்த சொல் என்பது பாதை காலைத் தாங்கிய விதத்திலேயே தெரிந்தது, அதுதான் ஒச்சப்பனுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அவர் ஏறினார். பின்னால் பாதை சுருண்டுகொண்டே வந்தது, பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நிழலில் நிற்கவில்லை, ஊற்றில் குனியவில்லை, மகள் பெயரைக் கத்திக்கொண்டே ஏறினார். கத்தியதையெல்லாம் மூடுபனி வாங்கி வாங்கித் தின்றது. நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் பிரிவுப்பாறை வந்தது, முப்பது வருஷமாகக் கனவில் வந்த அதே பாறை. வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத்துப் பாதையின் குறுக்கே தழை கிடந்தது, வாடத் தொடங்கிய தழை, பெண்பிள்ளை ஒடித்த மாதிரி சின்னதாக. வலப்பக்கத்துப் பாதையில் தழை இல்லை; அங்கே பனிக்குள் அவன் நின்றான்.

கைலி நனைந்திருந்தது. தலையில் அதே சுமை. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"பெரியவரே, மேல போறதுக்கு எந்தப் பக்கம்?"

"சோலை" என்றார் ஒச்சப்பன். "டேய் சோலை, நாந்தான்டா."

"எங்கண்ணன் பின்னால வாராரு பெரியவரே, அட்டை கடிச்சிருச்சு, உக்காந்துட்டாரு. நீங்க வழியில பாத்தீகளா?"

ஒச்சப்பன் அவனை நோக்கி ஓர் எட்டு வைத்தார். அவன் ஓர் எட்டுத் தள்ளிப்போனான். இன்னோர் எட்டு, அவனும் இன்னோர் எட்டு. நடந்துகொண்டே இருந்தால் எங்காவது எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது. முதல் துளி நெற்றியில் விழுந்தது. இரண்டு பாதையின் ஓரங்களும் வெல்லம் கரைகிற மாதிரி கரையத் தொடங்கின.

ஒரு பாதைக்குத்தான் நேரம் இருந்தது. தன் ஊர் வழக்கப்படி பார்த்தால் இடப்பக்கம் போகாதே என்கிறது தழை. மகள் வலப்பக்கம் போயிருக்கிறாள், சித்தப்பனைத் தேடித்தானே வந்தாள், சித்தப்பன் அங்கேதானே நிற்கிறான். போனால் இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம். மாயழகு வழக்கப்படி பார்த்தால் மகள் இடப்பக்கம் போயிருக்கிறாள். பூங்கனிக்கு அவர் மலையைப் பற்றி ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. தழையை எங்கே போடச் சொல்லி அனுப்பினாய் என்று மாயழகிடம் கேட்டிருக்கலாம். வேறொன்றைக் கேட்டுச் சண்டைபோட்டதில் அதைக் கேட்க மறந்துவிட்டார். அவர் பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். முட்டி அழுதபோதுதான் ஒன்று தோன்றியது: பெற்ற நாளிலிருந்து அப்பன் நினைத்த பக்கம் அவள் போனதே இல்லை.

"சோலை! அங்கனயே நில்லுடா! இந்தா வந்திருறேன்!"

"எம்புட்டு நேரம் நிக்கணும் பெரியவரே?"

 ஒச்சப்பன் தழையைத் தாண்டி இடப்பக்கம் ஓடினார். "எந்தப் பக்கம்னு சொல்லாமப் போறீகளே" என்ற குரல் பின்னால் கேட்டது, அப்புறம் மழைதான் கேட்டது.

அவள் ஒரு பாறை இடுக்கில் கிடந்தாள். கணுக்கால் வீங்கி உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது, வாயும் இருந்தது. "சித்தப்பாவுக்காக ரொம்ப நேரம் பாறையில நின்னேன்ப்பா. வரவே இல்ல. மேல போயிருப்பாருன்னு வந்தேன், சறுக்கிருச்சு."

அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அவர் கேட்டார். "தழைய இந்தப் பாதையில போடச்சொல்லி அவனா சொன்னான்?"

"யாரும் சொல்லல. நீ தேடி வருவேன்னு நானாத்தான் போட்டேன்."

"போன பாதையிலயா போடுவாக?"

"பின்ன, போகாத பாதையில போயா போடுவாக?" என்றாள் பூங்கனி.

பிரிவுப்பாறையைக் கடந்தபோது வலப்பக்கம் பாதையே இல்லை. ஈரப் பாறையும் புல்லும் மட்டும்தான். அவர் நிற்கவில்லை, நின்றால் காலுக்கடியிலும் இருக்காது. அழுதுகொண்டே இறங்கினார்; சுருண்டு கிடந்த பாதை, மகளோட வா என்ற சொல்லுக்காக அவர் காலுக்கு முன்னால் மட்டும் விரிந்துகொடுத்தது. ஊருக்குள் கால்வைத்ததும் கடைசிப் பாதையும் கரட்டைத் தாண்டி மேலே போய் மறைந்தது.

மாயழகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தான். "சோலையப்பன்?" என்று கேட்டான்.

"வழி கேட்டுக்கிட்டு நிக்கிறான்."

மாயழகின் வாய் திறந்தது. ஒச்சப்பன் மகளை இறக்காமல், மழையில் நனைய நனைய, அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "கணுக்காலுக்கு வெளக்கெண்ணெ தடவணும். உள்ள கொண்டா" என்றது வாய்.

அதற்கப்புறம் மாயழகு நன்றாக இல்லை. அந்த மழை நெஞ்சில் இறங்கிவிட்டது, இரவும் பகலும் இருமினான். ஒச்சப்பனுக்குத் தூக்கம் போனது. சொல்லாமல் செத்துப்போனால் யாரிடம் கேட்பது? அவரே தூதுவளை பறித்துவந்து கசாயம் வைத்துக் கொடுத்தார். குடிக்காவிட்டால் மூக்கைப் பிடித்து ஊற்றினார். ஆட்டை விற்று ஆரஞ்சு வாங்கிவரும்படி செவனம்மாவை விரட்டினார். மாதத்துக்கு இரண்டு தரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். "ரெண்டு பேரும் எப்படி ராசியானீக?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "ராசியுமில்ல ஒரு மண்ணுமில்ல. இவன் எனக்குத் தரவேண்டியது இருக்கு" என்றார்.

டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாள் என்று சொல்வதற்கில்லை என்றார். ஒச்சப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஏழை பாழை என்று பார்க்காமல் எப்படியாவது காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார். கூடப்பிறந்தவரா என்று டாக்டர் கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாயழகு அவர் தோளில் சாய்ந்துகொண்டான். மூச்சு இழுத்தது. உதடு அசைந்தது. ஒச்சப்பன் காதை அந்த உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சரியாத்தான் போட்டேன் மச்சான்."

"வாய மூடு" என்றார் ஒச்சப்பன், மடியிலிருந்த கசாயப் பாட்டிலைத் திறந்துகொண்டே. "இந்தா, இதைக் குடி. குடிச்சிட்டு நாளைக்கும் இரு."